அந்தோணி: ஒரு ரோமானியக் குலப்பெயர் முத்துக்குளித்துறைக்கு வந்த வழி

கேள்வி இது: "பிறக்கப்போகும் மகனுக்கு என் தாத்தாவின் பெயரான அந்தோணியைச் சூட்ட விரும்புகிறோம். பெயர்ப் புத்தகம் ஒன்று 'விலைமதிப்பற்றவன்' என்று பொருள் சொல்கிறது. இன்னொன்று 'மலர்' என்கிறது. எது சரி? இது உண்மையிலேயே லத்தீன் பெயர்தானா? அந்தோணி, அந்தோனி, ஆண்டனி என்று மூன்று விதமாக எழுதுகிறார்களே, எதை வைப்பது?"

லத்தீன் பெயர்தான். ஆனால் அந்த இரண்டு பொருள்களுமே சரியல்ல. 'அந்தோனியுஸ்' என்பது ரோமாபுரியின் பழைய குடும்பம் ஒன்றின் குலப்பெயர். அதன் வேர்ச்சொல் என்ன என்பதை இன்றுவரை யாரும் நிறுவவில்லை. ரோமானியர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. பொருள் தெரியாத பெயரை எப்படி வைப்பது என்று தயங்க வேண்டாம். இந்தப் பெயரை மதிப்பிட, யார் யார் இதைச் சுமந்தார்கள், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பார்க்க வேண்டும். அந்த வரலாறு பெரிது.

முதலில் ரோமானியர் பெயர் வைத்த முறை. குடியரசுக் காலத்து ரோமானிய ஆணுக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருந்தன. முதலாவது, வீட்டில் கூப்பிடும் தனிப்பெயர்: மார்குஸ், காயுஸ், லூசியுஸ் போன்றவை. இவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. இரண்டாவது, குலப்பெயர்: யூலியுஸ், கொர்னேலியுஸ், துல்லியுஸ், அந்தோனியுஸ். பெரும்பாலும் 'இயுஸ்' என்று முடியும் இந்தப் பெயர் தந்தை வழியாக வருவது. மூன்றாவது, கிளைப்பெயர் அல்லது பட்டப்பெயர். உடல் தோற்றம், குணம், தொழில், ஏதாவது ஒரு நிகழ்ச்சி ஆகியவற்றிலிருந்து பிறந்த பெயர் இது. எல்லாருக்கும் இந்த மூன்றாவது பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. மார்க் ஆண்டனி என்று நாம் அறிந்த மார்குஸ் அந்தோனியுஸுக்கே அது இருக்கவில்லை.

பொருள் தெளிவாகத் தெரிபவை பெரும்பாலும் மூன்றாம் வகைப் பெயர்கள். 'பவுலுஸ்' என்றால் சிறியவர். தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பவுலைச் 'சின்னப்பர்' என்று அழைத்தது அதனால்தான். பொருளை அறிந்து, அதற்கு நேரான தமிழ்ப் பெயரை உண்டாக்கினார்கள். கடவுளின் அருளைக் குறிக்கும் எபிரேயப் பெயரான யோவானை 'அருளப்பர்' ஆக்கினார்கள். பெயர்களைத் தமிழாக்குவதில் இவ்வளவு துணிவு காட்டியவர்கள் அந்தோணியாரை அப்படியே விட்டுவிட்டார்கள். மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இல்லை. குலப்பெயர்களில் பெரும்பகுதி அத்தகையவையே. லத்தீன் மொழி இத்தாலியில் தலையெடுத்த நாளில் ரோமாபுரிக்கு வடக்கே எத்ருஸ்கர்கள் என்ற வேற்றுமொழி மக்கள் செழிப்பாக வாழ்ந்தார்கள். ரோமானியர்கள் அவர்களிடமிருந்து பல பெயர்களை வாங்கிக்கொண்டார்கள். அந்தோனியுஸும் எத்ருஸ்க மூலம் உடையதாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அது ஊகம்தான், சான்று போதாது.

பொருள் தெரியாத இடத்தில் கதை பிறக்கும். ரோமானியர் காலத்திலேயே ஒரு கதை இருந்தது. கிரேக்கப் புராண வீரன் எர்குலிசுக்கு அந்தோன் என்று ஒரு மகன் இருந்ததாகவும், அவன் வழிவந்தவர்களே அந்தோனியுஸ் குலத்தார் என்றும் அக்குலத்தார் சொல்லிக்கொண்டதைக் கிரேக்க எழுத்தாளர் புளுட்டார்க் பதிவு செய்திருக்கிறார். மார்க் ஆண்டனி இந்தக் கதையை விரும்பினார். தன் உடற்கட்டு எர்குலிசின் சிலைகளைப் போல இருக்கிறது என்று காட்டும்படி உடுத்தவும் செய்தார் என்கிறார் புளுட்டார்க். குலப்பெருமைக்காகப் பின்னால் கட்டிய கதை என்பது வெளிப்படை. ஆனாலும் இந்தப் பெயருக்குப் பழங்காலத்தவர் தந்த விளக்கம் இது. பெயர்ப் புத்தகங்கள் இதை விட்டுவிட்டு, பிற்காலத்தில் முளைத்ததை எடுத்துக்கொண்டன.

அந்தப் பிற்கால விளக்கம்தான் 'மலர்'. கிரேக்கத்தில் மலருக்கு 'அந்தோஸ்' என்று பெயர். ஐரோப்பாவில் கிரேக்கக் கல்வி மறுமலர்ச்சி பெற்ற காலத்தில், அந்தோனியுஸ் இந்தச் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அதன் விளைவாக ஆங்கில எழுத்தில், அதுவரை இல்லாத ஓர் 'எச்' நடுவில் நுழைந்தது. இன்றும் இங்கிலாந்தில் பெரும்பாலும் அந்த எழுத்து உச்சரிப்பில் கேட்பதில்லை. அமெரிக்காவில் எழுத்தைப் பார்த்து உச்சரிப்பும் மாறிவிட்டது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் அந்த 'எச்' நுழையவே இல்லை. இத்தாலியின் பதுவை நகரோடு சேர்த்து அழைக்கப்படும் புனிதர் பதுவை அந்தோணியாரின் சுரூபத்தில் (சிலையில்) கையில் வெள்ளை லீலி மலர் இருப்பது இந்த விளக்கத்துக்கு மேலும் வலுவூட்டியிருக்கும். லீலி மலர் கற்புக்கும் தூய்மைக்கும் அடையாளமாகப் பல புனிதர்களின் கையில் வரைவது. பெயரோடு அதற்குத் தொடர்பு இல்லை.

'விலைமதிப்பற்றவன்' என்பதற்கு இந்த அளவுக்குக்கூட அடிப்படை இல்லை. லத்தீன் அகராதியில் அப்படிப் பொருள்படும் சொல் எதுவும் இந்தப் பெயரின் அருகில் இல்லை. ஒரு பெயர்ப் புத்தகம் எழுதியதை அடுத்தது படியெடுத்தது. இன்று எல்லா இடத்திலும் நிற்கிறது. குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோரிடம் பிழையான பொருளை உறுதியான குரலில் சொல்வது எனக்கு வருத்தம் தரும் செயல். தெரியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இனி வரலாறு. ரோமானிய மரபுப் பட்டியல்களில் கி.மு. 450ஆம் ஆண்டில் சட்டங்களைத் தொகுக்க அமைந்த பதின்மர் குழுவிலேயே ஓர் அந்தோனியுஸ் இருக்கிறார். குடும்பம் உச்சத்துக்கு வந்தது கி.மு. முதல் நூற்றாண்டில். மார்க் ஆண்டனியின் பாட்டனாரும் மார்குஸ் அந்தோனியுஸ்தான். அக்காலத்தின் தலைசிறந்த பேச்சாளர்களில் ஒருவர். கி.மு. 87இல் உள்நாட்டுப் பகையில் கொல்லப்பட்டார். பேரனின் கதை உலகறிந்தது. சீசரின் தளபதி, அவர் கொலைக்குப் பின் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்ட மூவரில் ஒருவர், கிளியோபாத்ராவின் துணைவர். புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ அவருக்கு எதிராக 14 உரைகளை இயற்றினார். அதற்கு விலையாக கி.மு. 43 டிசம்பரில் சிசரோவின் தலையும் கைகளும் வெட்டப்பட்டு மன்றத்துப் பேச்சுமேடையில் வைக்கப்பட்டன.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஆக்டியம் கடற்போரில் ஆண்டனி தோற்றார். மறுஆண்டு அலெக்சாந்திரியாவில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆண்டில் ரோமாபுரியின் உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவி வகித்தவர்களில் ஒருவர் சிசரோவின் மகன். ஆண்டனியின் சிலைகளை அகற்றவும், இனி அந்தோனியுஸ் குலத்தில் எவரும் 'மார்குஸ்' என்ற தனிப்பெயரை வைக்கக் கூடாது எனவும் அவர் காலத்தில் செனட் தீர்மானித்தது. பெயரை அழித்தால் மனிதரின் நினைவையும் அழிக்கலாம் என்று நம்பிய சமூகம் அது.

நடந்தது நேர்மாறானது. ஆண்டனியின் மகள் இளைய அந்தோனியா வழியாக அவர் இரத்தம் அரச குடும்பத்தில் கலந்தது. பேரரசர் கிளாடியுஸ் அவருடைய பேரன். கலிகுலா கொள்ளுப்பேரன். நீரோ எள்ளுப்பேரன். பெயரும் பரவியது. கிழக்கு மாகாணங்களை ஆண்டனி ஆண்ட ஆண்டுகளில் அவர் தயவால் ரோமானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கரும் ஆசியரும் வழக்கப்படி அவர் குலப்பெயரையே ஏற்றுக்கொண்டார்கள். விடுதலை பெற்ற அடிமைகள் தங்களை விடுவித்தவரின் குலப்பெயரைப் பெறுவதும் வழக்கம். பைபிளின் திருத்தூதர் பணிகள் நூலில் புனித பவுலை விசாரிக்கும் ஆளுநர் பேலிக்சை நினைவிருக்கும். அடிமையாக இருந்து உயர்ந்தவர் அவர். வரலாற்றாசிரியர் தாசித்துஸ் அவரை அந்தோனியுஸ் பேலிக்ஸ் என்கிறார். எருசலேமில் பவுலைப் பிடித்துக் கொண்டுபோன கோட்டையும் ஏரோது மன்னர் ஆண்டனியின் பெயரால் கட்டிய 'அந்தோனியா' என்று கருதப்படுவதுதான். பெயர் இவ்வளவு அருகில் சுற்றி வந்தும், பைபிளில் அந்தோனி என்று ஒருவர்கூட இல்லை. கத்தோலிக்கரிடம் இந்தப் பெயர் மிகுதியாகவும், பைபிள் பெயர்களையே பெரும்பாலும் வைக்கும் சீர்திருத்த சபையாரிடம் குறைவாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்த நூற்றாண்டில் 'அந்தோனினுஸ்' என்ற வழிப்பெயர் அரியணை ஏறியது. 138 முதல் 161 வரை ஆண்ட அந்தோனினுஸ் பியுஸ் நல்லாட்சிக்குப் பெயர்போனவர். பிறகு வந்த பேரரசர்கள் பலர் அந்த நற்பெயரில் பங்குபெற அதைத் தாங்களும் சேர்த்துக்கொண்டார்கள். பேரரசின் சுதந்திர மனிதர் அனைவருக்கும் 212இல் குடியுரிமை வழங்கிய பேரரசர் கரகல்லாவின் முறையான பெயரிலும் அந்தோனினுஸ் உண்டு. அந்த ஆணையை வரலாற்றாசிரியர்கள் அந்தோனினுஸின் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். எகிப்தின் சிற்றூர்களில்கூட ரோமானியப் பெயர்கள் சாதாரணமாக வழங்கத் தொடங்கிவிட்டன.

அப்படி ஒரு சிற்றூரில், ஏறக்குறைய 251ஆம் ஆண்டில், இந்தப் பெயரின் தலையெழுத்தையே மாற்றிய குழந்தை பிறந்தது. இந்தக் கட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இன்று உலகில் வாழும் ஒவ்வொரு அந்தோணியும் இந்த மனிதருக்குக் கடன்பட்டவர்; தளபதி ஆண்டனிக்கு அல்ல. எகிப்தின் கோமா என்னும் ஊரில் நிலபுலம் உடைய கிறிஸ்தவக் குடும்பம். தாய்மொழி கோப்து. பெற்றோர் இறந்தபின் ஒருநாள் கோயிலில், "நிறைவுள்ளவராக விரும்பினால் போய், உம் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடும்" என்ற நற்செய்தி வாசகத்தைக் கேட்டார். தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார். நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். மற்ற உடைமைகளை விற்று ஏழைகளுக்கு அளித்தார். ஊர் ஓரத்தில் தவத்தைத் தொடங்கி, கல்லறைக் குகைக்குப் போய், பிறகு பாழடைந்த கோட்டைக்குப் போய், கடைசியில் செங்கடலுக்கு அருகேயுள்ள மலைப்பாலைவனத்தில் தங்கினார். 356இல், நூற்றைந்து வயதில் இறந்ததாக மரபு. அந்த மலையடியில் அவர் பெயரால் உள்ள மடம் இன்றும் இயங்குகிறது.

அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் அவருடைய வாழ்க்கையைக் கிரேக்கத்தில் எழுதினார். அது விரைவில் லத்தீனுக்கும் வந்தது. பெயர் உலகம் சுற்றியதற்கு முதற்காரணம் அந்த நூல். 386இல் மிலான் நகரில் ஒரு நண்பர் வாயிலாக அந்தோணியாரின் கதையைக் கேட்ட அகுஸ்தீன் (பின்னாளில் புனித அகுஸ்தீன்) நிலைகுலைந்துபோனார். கல்லாதவர்கள் எழுந்து விண்ணகத்தைக் கைப்பற்றுகிறார்கள், கல்வி கற்ற நாம் சேற்றில் புரள்கிறோமே என்று அவர் கதறியதைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அன்றே தோட்டத்தில் அவர் மனம் திரும்பினார். சில தலைமுறைகளுக்கு முன்வரை ரோமானியக் குலப்பெருமைக்கும் அரண்மனைச் சூழ்ச்சிக்கும் அடையாளமாக இருந்த ஒரு பெயர், உடைமை ஏதும் இல்லாத துறவி ஒருவரின் பெயராக மாறிவிட்டது.

தமிழ் மக்கள் இவரை 'வனத்து அந்தோணியார்' என்கிறார்கள். பாலைவனத்தில் இவர் சந்தித்ததாகக் கூறப்படும் மற்றொரு துறவி பவுல், நமக்கு 'வனத்துச் சின்னப்பர்'. ஐரோப்பாவில் இவர் பெயர் நோயாளிகளோடு சேர்ந்தது. பூஞ்சை பிடித்த ரை தானியத்தைத் தின்றவர்களுக்கு உடம்பு தீயாய் எரிந்து கைகால் அழுகிப்போகும் கொடிய நோய் இடைக்காலத்தில் அடிக்கடி பரவியது. அதை 'அந்தோணியார் தீ' என்றார்கள். 1095 வாக்கில் பிரான்சில் தோன்றிய அந்தோணியார் மருத்துவத் துறவிகள் அந்நோயாளிகளைப் பராமரித்தார்கள். இசன்கைம் ஊரில் அத்துறவிகளின் மடத்துக்காக ஓவியர் குருனெவால்ட் வரைந்த பீட ஓவியத்தைக் கோல்மார் நகரில் இன்றும் காணலாம். அதில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடம்பே புண்களால் நிறைந்திருக்கிறது.

இப்போது லிஸ்பன் நகரம். 1195 வாக்கில் அங்கே உயர்குடியில் பிறந்த ஒரு குழந்தைக்குப் பெர்னாந்து என்று பெயரிட்டார்கள். இளைஞராகி, அகுஸ்தீன் சபைத் துறவியாகக் கோயிம்ப்ராவில் படித்துக்கொண்டிருந்தபோது, 1220இல் மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. அவர்களைப் போலத் தாமும் மறைசாட்சியாக வேண்டும் என்ற வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. நகருக்கு வெளியே ஒலிவத் தோப்பில் இருந்த சிறிய பிரான்சிஸ்கன் குடிலில் சேர்ந்தார். அந்தக் குடில் வனத்து அந்தோணியாருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெர்னாந்து தம் பெயரை விட்டுவிட்டு அந்தோனியோ ஆனார். எகிப்தியத் துறவியின் பெயர் ஏறக்குறைய எண்ணூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு போர்த்துகீசியர் ஒருவருக்குக் கைமாறியது இப்படித்தான்.

மொரோக்கோவுக்குப் போனார், நோய் வீழ்த்தியது. திரும்பும் வழியில் கப்பல் காற்றில் அகப்பட்டுச் சிசிலியில் ஒதுங்கியது. அதனால் இத்தாலி அவரைப் பெற்றது. பத்தே ஆண்டுகளில் அக்காலத்தின் பெரும் மறையுரையாளராக ஆனார். ரிமினியில் மனிதர்கள் கேட்க மறுத்தபோது மீன்களுக்குப் போதித்தார் என்ற கதையும் அங்கே பிறந்தது. எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது ஒரு சட்டம். கடனைத் தீர்க்க முடியாதவர்களைச் சிறையில் அடைப்பது பதுவை நகரின் வழக்கமாக இருந்தது. 1231 மார்ச் மாதத்தில், இவருடைய வேண்டுகோளின்பேரில், உடைமைகளை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறைப்படுத்தக் கூடாது என்று நகரமன்றம் சட்டம் இயற்றியது. மீன்கள் தலைதூக்கிக் கேட்ட கதையை எல்லாரும் சொல்கிறார்கள். வட்டிக்கடனில் நொறுங்கிய குடும்பங்களைக் காத்த இந்தச் செயலையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அதே ஆண்டு ஜூன் 13 அன்று பதுவைக்கு அருகே இறந்தார். ஒரு வருடம்கூட முடியாமல், 1232 மே 30 அன்று திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் கோயில்களில் செவ்வாய்க்கிழமை கூட்டம் நிரம்பி வழிவதற்குப் பின்னால் இருப்பது அந்த நாள்தான்.

லிஸ்பனில் பிறந்த புனிதர் என்பதால் போர்த்துகீசியர்களுக்கு இவர் சொந்த ஊர்க்காரர். அவர்கள் சென்ற கடல்வழியெல்லாம் இவர் பெயரும் சென்றது. முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530களில் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கோரித் திரளாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். 1586இல் இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டது இந்தக் கடற்கரை மக்களுக்காகவே. திருமுழுக்கின்போது குழந்தையும் பெரியவரும் போர்த்துகீசியப் புனிதர் பெயர்களைப் பெற்றார்கள். குடும்பப் பெயர்களும் வந்தன. இதில் ஒரு தற்செயல் என்னை எப்போதும் மகிழ்விக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் 'அந்தோணி பர்னாந்து' மிகச் சாதாரணமான பெயர். முதற்பாதி பதுவைப் புனிதர் துறவில் ஏற்ற பெயர். பிற்பாதி தாய்தந்தையர் அவருக்குச் சூட்டிய பெயர். இரண்டும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே மனிதரிடம் சேர்ந்துவிட்டன.

எழுத்து வடிவம் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. போர்த்துகீசிய மொழியில் இந்தப் பெயரின் நடுவில் வரும் ஒலி, நாக்கு பல்லைத் தொட்டுப் பிறப்பது. தமிழ்க் காது அதை 'த' என்று சரியாகப் பிடித்தது. எனவே 'அந்தோனி', 'அந்தோணி'. ஆங்கிலேயரின் அதே எழுத்து பல்லுக்கு மேலே ஈறில் பிறப்பது. நமக்கு அது 'ட' என்று கேட்கும். எனவே 'ஆண்டனி', 'ஆன்டனி'. த வடிவம் பதினாறாம் நூற்றாண்டுக் கப்பலில் வந்தது. ட வடிவம் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் வழியே வந்தது. உயிரெழுத்துகளையும் பாருங்கள். லத்தீனில் 'தோ' நெடில். ஆங்கிலத்தில் அந்த நெடில் தேய்ந்து, ஆண்டனியில் வெறும் 'ட' ஆகிவிட்டது. தமிழில் 'தோ' குறையாமல் நிற்கிறது.

இன்னும் ஒன்று. தமிழைப் போலவே லத்தீனிலும் விளி வேற்றுமை உண்டு. அந்தோனியுஸை நேரில் விளித்தால் 'அந்தோனி' என்று இறுதி நீளும். சிசரோ தம் உரைகளில் எதிரியை விளிக்கும்போதெல்லாம் எழுதியது இந்த வடிவத்தைத்தான். புனிதர்களின் மன்றாட்டு மாலையிலும் 'சாங்க்தே அந்தோனி' என்று வரும். 1960களில் திருவழிபாடு தமிழுக்கு வரும்வரை நம் கோயில்களில் அதை லத்தீனிலேயே பாடினார்கள். தமிழ்ப் பெயர் போர்த்துகீசிய வழியாக இறுதி உயிர் கெட்டு உருவானது என்பதே பொருந்தும் விளக்கம். ஆனாலும் முத்துக்குளித்துறையின் மணப்பாட்டுத் தெருவில் ஒரு தாய் மகனைக் கூப்பிடும் ஒலியும், ரோமானிய மன்றத்தில் அந்தக் குலத்தவரைக் கூப்பிட்ட ஒலியும் ஏறக்குறைய ஒன்றே.

தமிழுக்கு வந்தபின் பெயர் இங்கே வேர்விட்டு வளர்ந்தது. அந்தோணிசாமி, அந்தோணிமுத்து, அந்தோணிராஜ், மரிய அந்தோணி, சூசை அந்தோணி, பெண்களுக்கு அந்தோணியம்மாள். ரோமானியக் குலப்பெயரோடு முத்தும் சாமியும் அம்மாளும் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது வேறெந்த மொழியிலும் நடக்க முடியாதது. மலையாளத்தில் 'அந்தப்பன்' ஆனது. இலங்கைத் தமிழரிடம் 'அன்ரன்' என்ற வடிவம் பரவலாக உண்டு.

பெயர் பரவப் பெருங்காரணம் கோயில்கள். 'கோடி அற்புதர்' என்று மக்கள் அழைக்கும் பதுவை அந்தோணியாருக்கு உவரியிலும் புளியம்பட்டியிலும் யாழ்ப்பாணத்துப் பாசையூரிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் பெருங்கோயில்கள் இருக்கின்றன. உவரியின் சுரூபம் ஒரு போர்த்துகீசியக் கப்பலிலிருந்து வந்தது என்பது ஊர் மரபு. இவ்விடங்களுக்கு இந்துக்களும் திரளாக வருகிறார்கள். கொச்சிக்கடையில் பௌத்தர்களும் வருவார்கள். காணாமல்போன பொருளுக்கு, தீராத நோய்க்கு, மனநலம் குலைந்தவர்களுக்காக என்று நேர்ந்துகொள்கிறார்கள். நேர்ச்சை நிறைவேறினால் மொட்டையடித்து, ஊருக்கு அசனம் (பொதுவிருந்து) கொடுப்பது தென்மாவட்டங்களில் வழக்கம். அப்படி நேர்ந்து பிறந்த பிள்ளைக்குப் புனிதரின் பெயரே வரும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று கொச்சிக்கடைக் கோயிலில் வெடித்த குண்டு பலரைக் கொன்றது. அந்த வழிபாட்டில் இருந்தவர்களில் தமிழரும் சிங்களவரும் இருந்தார்கள். கச்சத்தீவில் மக்கள் குடியிருப்பு இல்லை; அங்கே இருப்பதும் ஓர் அந்தோணியார் கோயில். இந்தியாவும் இலங்கையும் 1974இல் செய்த உடன்பாட்டில், இந்திய மீனவரும் திருப்பயணிகளும் பயண ஆவணமோ விசாவோ இன்றி அங்கே போய்வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரு கரையின் மீனவர்களும் அந்தத் திருவிழாவில் சேர்ந்து நிற்கிறார்கள்.

பிற மொழி வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அந்தோனியோ: இசைமேதை விவால்டி, வயலின் செய்த ஸ்திராதிவாரி. பிரெஞ்சில் அந்துவான்: வேதியியலின் தந்தை லவாய்சியே. கதலான் மொழியில் அந்தோனி: பார்சிலோனாவின் கட்டடக்கலைஞர் கௌதி. டச்சில் அந்தோனி: நுண்ணுயிரிகளை முதலில் கண்ட லேவன்ஹுக். லெபனானில் தானியூஸ். ரஷ்யாவில் அன்தோன். எழுத்தாளர் செகாவ் 1860இல் பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி ஜனவரி 17 அன்று பிறந்தார். அது வனத்து அந்தோணியாரின் திருநாள். பெயர் பொருந்தி வந்தது. அமெரிக்காவின் சான் அந்தோனியோ நகருக்கும் அப்படியே: 1691 ஜூன் 13 அன்று ஸ்பானியர் அங்கே வந்து சேர்ந்ததால் அந்நாளின் புனிதர் பெயர் கிடைத்தது.

ஆக, உங்கள் மகனுக்கு. தாத்தாவின் பெயரைத் தொடர விரும்பினால் தாத்தா எழுதிய வடிவத்தையே வையுங்கள் என்பது என் யோசனை. அவர் பழைய திருமுழுக்குப் பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்று பங்குக் கோயிலில் கேட்டுப் பாருங்கள். மூலத்தின் ஒலிக்கு 'அந்தோனி' சற்று நெருக்கம். ஊர் வழக்கில் 'அந்தோணி' நிலைபெற்றுவிட்டது. இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றைப் பிழை என்று சொல்ல மாட்டேன். 'ஆண்டனி'யும் தவறல்ல. ஆனால் கையில் 'அந்தோணி' இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஆங்கில வடிவத்துக்குப் போக வேண்டியதில்லை என்பதே என் கருத்து. தேர்ந்தெடுத்த வடிவத்தைப் பிறப்புச் சான்றிதழிலும் திருமுழுக்குப் பதிவிலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு ஆவணங்களும் ஒத்துப்போகட்டும். ஆங்கிலத்தில் 'எச்' சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பின்னால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த ஓர் எழுத்து தொல்லை தரக்கூடும்.

பெயர்கொண்ட புனிதரின் நாளைக் கொண்டாடும் வழக்கம் வீட்டில் இருந்தால், எந்த அந்தோணியார் என்று தாத்தாவின் தலைமுறையினரிடம் விசாரியுங்கள். வனத்து அந்தோணியார் என்றால் ஜனவரி 17. பதுவை அந்தோணியார் என்றால் ஜூன் 13.